பகைமைச் சான்றிதழ்

சந்தைச் சுதந்திர ஆணையத்தின் பெயர்ப் பலகையைச் சாயங்கால வெயிலில் பக்கவாட்டில் நின்று பார்த்தால், புதுப் பெயின்ட்டுக்கு அடியில் 'விலைக் கட்டுப்பாட்டு ஆணையம்' என்ற பழைய எழுத்துகள் மேடு தட்டித் தெரியும். கொள்கை மாறிவிட்டது. பலகை நல்ல மரம் என்பதால் அதை மாற்றவில்லை. துணை ஆணையரையும் மாற்றவில்லை. அவர் என்ன மரம் என்று யாரும் ஆராயவில்லை.

அந்தக் கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளி, எதிரெதிரே இரண்டு சைக்கிள் கடைகள். ஒரு கடைக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஊர் அதை மறந்து இருபது வருடமாகிறது. சக்கரத்தின் வளைசலை நிமிர்த்துவதற்குக் கோட்டம் எடுப்பது என்று பெயர். சுற்றுகிற சக்கரத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்தே எங்கே வளைந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற ஆள் என்பதால் அவர் பெயரே கோட்டம் என்றாகிவிட்டது. எதிர்க்கடைக்காரர் அவருடைய தங்கையின் கணவர். கோட்டம் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடப் போய், தெருவே மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்தது. "தலை நரைச்ச பிறகும் ஊரே மாப்பிள்ளைங்குது, இந்தக் குடுப்பினை யாருக்கு வரும்" என்று அவர் அதையும் சந்தோஷமாகவே எடுத்துக்கொண்டார்.

இரண்டு கடைக்கும் சேர்த்துக் கோட்டம் எடுக்கிற ஸ்டாண்டு ஒன்றுதான். வாரத்தில் முதல் மூன்று நாள் இந்தப் பக்கம், அடுத்த மூன்று நாள் அந்தப் பக்கம். ஒரு கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டால் கடைக்காரர் மோவாயைத் தூக்கி எதிர்ப்பக்கம் காட்டுவார். வந்தவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவைக் கடப்பார். நாலு மணிக்கு இருவரும் கையில் இருக்கும் கிரீஸைக் கழுவிவிட்டு, கோட்டத்தின் கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். டீ போடுவதும் கிளாஸ் கழுவுவதும் கோட்டம். மனைவி போய்ச் சேர்ந்த ஒன்பது வருடமாக அவருக்கு மதியச் சாப்பாடு தங்கச்சி வீட்டில். அண்ணன் வராமல் அவள் யாருக்கும் தட்டு வைத்ததில்லை. பஞ்சர் ஒட்ட இரண்டு கடையிலும் இருபது.

வினை அந்த இருபதில்தான் வந்தது.

ஒரு நாள் தெருமுனையில் ஆய்வாளர்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக ஒரே செய்தித்தாளைப் பதினான்கு நாள் படித்தார்கள். பதினைந்தாம் நாள் இரண்டு கடைக்கும் நோட்டீஸ் வந்தது. மாப்பிள்ளை அதைப் பெஞ்சில் வைத்து உரக்கப் படித்தார்.

"'பிரதிவாதிகள் இருவரும் ஒரே விலை வைத்துச் சந்தையின் சுதந்திரத்தைப் பறித்துள்ளனர். நாள்தோறும் நாலு மணிக்குத் திறந்தவெளியில் ரகசியக் கூட்டம் நடத்துகின்றனர். இரண்டாம் பிரதிவாதி தன் மோவாயைச் சுமார் முப்பது பாகை உயர்த்தி வாடிக்கையாளர்களைப் பங்கிட்டுள்ளார். இணைப்பு: மோவாயின் புகைப்படம்.' மச்சான், ரெண்டாம் பிரதிவாதின்னா நானா?"

"போட்டோவைப் பார்த்தா நீங்கதான் மாப்பிள்ளை."

"வாயில பஞ்சர் ஒட்டுற ரப்பரைக் கவ்வியிருப்பேன், பேச முடியாது, அதான் மோவாயைத் தூக்குறேன். இதுல பாகை எங்கேயிருந்து வந்துச்சு?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்ததும் இரண்டாவது நோட்டீஸில் சேர்ந்தது.

விசாரணை நாளன்று ஆளுக்கொரு அறையில் உட்கார வைத்தார்கள். துணை ஆணையர் கோட்டத்தின் அறைக்கு வந்தார். அவரைப் பார்த்ததும் கோட்டத்துக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. தெரிந்த முகம். அவருடைய சைக்கிளுக்குச் செயின் மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

"ஐயா, இந்த இருபது நீங்க சொன்ன விலைங்க. அப்போ நீங்களே வந்து ரெண்டு கடையிலயும் விலை எழுதின தகரம் அடிச்சிட்டுப் போனீங்க. நான் ஒரு மாசம் பதினெட்டுக்கு ஒட்டினேன்னு அபராதம் கூடப் போட்டீங்க."

"மறப்பேனா? நல்ல தகரம் அது," என்றார் துணை ஆணையர். "அது கட்டுப்பாட்டுக் காலம். அப்போ ஒரே விலை வைக்கிறது நாட்டுப்பற்று. இது சுதந்திரக் காலம். இப்போ ஒரே விலை வைக்கிறது சதி. விலை மாறல, காலம் மாறிடுச்சு. நீங்களும் கூடவே மாறியிருக்கணும். என்னைப் பாருங்க, சுற்றறிக்கை மத்தியானம் வந்துச்சு, சாயங்காலத்துக்குள்ள மாறிட்டேன்."

"அப்போ என்ன விலை வைக்கணும்ங்க?"

"அதை நாங்க சொல்லவே கூடாது. சந்தையில அரசாங்கம் தலையிடக் கூடாதுங்கறது எங்க உயிர்மூச்சு. அதைக் கண்காணிக்கத்தான் தெருவுக்கு ரெண்டு பேரைப் போட்டிருக்கோம். நீங்க சுதந்திரமா வைங்க. இருபது மட்டும் கூடாது."

"பத்தொன்பது வைக்கலாமுங்களா?"

"தாராளமா. ஆனா அவரும் பத்தொன்பது வைக்கக் கூடாது."

"அப்போ அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேட்டா சதி."

கோட்டம் வாழ்க்கையில் எத்தனையோ வளைந்த சக்கரங்களைப் பார்த்தவர், இது எந்த இடத்தில் வளைந்திருக்கிறது என்று அவரால் பிடிக்க முடியவில்லை.

துணை ஆணையர் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார். குரலில் பாசம் வந்தது. "உங்களை மாதிரி எளியவங்களுக்காகவே ஒரு திட்டம் வச்சிருக்கோம். சதி பண்ணினதுல யார் முதல்ல ஒத்துக்கிறாங்களோ அவங்களுக்கு முழு மன்னிப்பு. ரெண்டாவது ஆளுக்கு ஆறு மாசம் கடைக்கு சீல். பக்கத்து ரூம்ல உங்க மாப்பிள்ளைகிட்டயும் இதே படிவத்தைக் குடுத்திருக்கோம்."

"ரெண்டு பேருமே ஒத்துக்கலைன்னா என்ன ஆகும்ங்க?"

துணை ஆணையர் பேனாவின் மூடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அந்தக் கேள்வியை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றார்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் 'டப்' என்று முத்திரை விழுகிற சத்தம் கேட்டது.

கோட்டத்தின் கை தானாகப் படிவத்தை இழுத்தது. அதில் எல்லாமே அச்சடித்திருந்தார்கள். 'இச்சதியில் என்னைத் தூண்டி ஈடுபடுத்தியவர்' என்ற வரிக்குப் பிறகு ஒரு கோடு மட்டும் காலியாக இருந்தது. இன்னொரு 'டப்' கேட்டது. அவர் அந்தக் கோட்டில் மாப்பிள்ளையின் முழுப் பெயரை எழுதினார். தங்கச்சியின் கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அந்தப் பெயரை அவர் முழுசாக எழுதியது அன்றைக்குத்தான். கீழே கையெழுத்துப் போட்டார்.

இரண்டு கடையும் மூடிக்கொண்டால் தங்கச்சி வீட்டுக்கு யார் காசு கொடுப்பது என்று யோசித்துத்தான் போட்டேன் என்று பின்னால் தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தார். பொய். அந்த நேரத்தில் தங்கச்சி அவர் நினைப்பிலேயே இல்லை. தன் கடை ஷட்டரில் அரக்கு முத்திரை தொங்குவது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. தங்கச்சியை அவர் பிற்பாடு கொண்டுவந்து சேர்த்துக்கொண்டார்.

வெளியே வரும்போது பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. மாப்பிள்ளை இரண்டு கையையும் முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார். எதிரே படிவம், வெறுமையாக. மூலையில் ஒரு குமாஸ்தா அலுவலக விடுப்புக் கடிதங்களுக்கு வரிசையாக முத்திரை குத்திக்கொண்டிருந்தார். டப், டப். மாப்பிள்ளை கோட்டத்தைப் பார்த்தார். மோவாயைத் தூக்கி வாசல் பக்கம் காட்டினார். நீங்க போங்க மச்சான், நான் பின்னாலயே வர்றேன் என்று அர்த்தம்.

மூன்று மணி நேரம் கழித்துத்தான் விட்டார்களாம். அவர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

மறுநாள் மாப்பிள்ளையின் கடைக்கு சீல் வைத்தார்கள். தகவல் தந்தவர் பெயர் ரகசியம் என்பதால் உத்தரவில், 'முதல் பிரதிவாதிமீது போதிய ஆதாரம் இல்லை' என்று மட்டும் இருந்தது. கோட்டத்துக்குத் தனியாக ஒரு உறை வந்தது. உள்ளே, தங்க நிற ஓரம் போட்ட அட்டையில் 'சந்தையின் உற்ற நண்பர்' என்று பாராட்டு. அதை ஸ்போக்ஸ் கம்பிப் பெட்டிக்கு அடியில் மறைத்து வைத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஸ்போக்ஸ் எடுக்கும்போதும் அந்தத் தங்க ஓரம் தெரிந்தது.

அன்று மதியம் சாப்பிடப் போகாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தார். தங்கச்சியே கடைக்கு வந்து நின்றாள். "என்ன அண்ணா, எங்க கடையை மூடினா எங்க வீட்டு அடுப்பையும் மூடிட்டாங்கன்னு நினைச்சியா? எழுந்து வா."

தட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார்.

"மச்சான், உங்ககிட்ட ஒரு மன்னிப்புக் கேக்கணும். தப்பு என் மேலதான். டீ யாரு போடுவாங்கன்னு என்னை விசாரிச்ச ஆளு நைசா கேட்டான். நானும் யோசிக்காம, மச்சான்தான் போடுவாருன்னு சொல்லித் தொலைச்சிட்டேன். உங்களையும் மாட்டிவிடப் பார்த்தேனேன்னு ராத்திரி பூரா தூக்கமில்ல."

"விடுங்க, அண்ணனாவது தப்பிச்சுதே," என்று தங்கச்சி கோட்டத்தின் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். கோட்டம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். தண்ணீர் கேட்டார்.

அடுத்த நாளே ஆணையத்துக்குப் போனார். கவுன்ட்டரில் இருந்தவர் நாலு இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "மன்னிப்புக் கேக்கப் படிவம் இருக்குங்க. குடுத்த மன்னிப்பைத் திருப்பித் தரப் படிவம் இல்ல." கோட்டம் பிடிவாதமாக நின்றதால் துணை ஆணையரிடம் அனுப்பினார்கள்.

"எனக்கும் தண்டனை குடுங்கய்யா. நான்தான் டீ போட்டேன். தினமும் நான்தான் போட்டேன்."

"உக்காருங்க. உங்க நேர்மை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா அரசாங்கம் ஒரு தடவை மன்னிச்சா மன்னிச்சதுதான், பேச்சு மாறாது."

"அன்னிக்கு ஒண்ணு கேட்டேன், நீங்க சொல்லல. ரெண்டு பேருமே கையெழுத்துப் போடலைன்னா என்ன ஆயிருக்கும்?"

"கேஸ் தள்ளுபடி. நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிருக்கலாம்," என்றார் துணை ஆணையர் சாதாரணமாக. "ஆனா இந்தத் திட்டம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு கேஸ்ல கூட அப்படி ஆனதில்ல. மக்கள் மேல எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை."

கோட்டம் அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு கடைக்கு வந்தார்.

மாப்பிள்ளை பகலில் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, பூட்டிய தன் கடையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு கை கொடுக்கிறேன் என்று ஸ்பேனரை எடுத்தால் ஆய்வாளர் பேனாவை எடுத்தார். தங்கச்சி தெருக்கோடியில் இருந்த துணி தேய்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு வாரத்தில் அவள் மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு வந்தது. சாப்பாடு பரிமாறும்போது கோட்டத்தின் கண் நேரே அங்கேதான் போகும். "கை தவறிடுச்சு, அதையே ஏன் பார்க்கிற" என்பாள்.

தெருவில் இருக்கிற அத்தனை சைக்கிளும் கோட்டத்தின் கடைக்கே வந்தன. மூன்றாம் மாதம் புது நோட்டீஸும் வந்தது. இந்தத் தெருவில் பஞ்சர் ஒட்டுகிற ஒரே கடையாக இருந்து அவர் ஏகபோகம் நடத்துகிறாராம்.

"எதிர்க்கடையை நீங்கதானேங்க மூடினீங்க?" என்று கோட்டம் துணை ஆணையரிடமே போய்க் கேட்டார்.

"மூடினது சட்டம். ஒரே கடையா நின்னது நீங்க. ரெண்டையும் குழப்பிக்காதீங்க." துணை ஆணையர் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "தண்டனையைக் குறைச்சு அவர் கடையைத் திறந்துவிட்டா போட்டி வந்துடும். ஆனா ஒரு சிக்கல். நீங்க சொந்தக்காரங்க. கூடிக் குலவுறவங்க போட்டி போட மாட்டாங்க. அதனால ரெண்டு பேரும் சேர்ந்து விண்ணப்பம் போட்டு, ஒரு பகைமைச் சான்றிதழ் வாங்கிடுங்க. ஒரு மாசம் டைம். வாங்கலைன்னா ரெண்டு கடையையும் எடுத்து வெளியாளுங்களுக்குக் குடுத்துடுவோம், ஒருத்தரை ஒருத்தர் அறியாத ரெண்டு பேருக்கு."

படிவத்தில் ஒரே ஒரு கேள்விதான் பெரிதாக இருந்தது. 'பகைக்கான காரணம். நம்பும்படி எழுதவும்.'

மாப்பிள்ளைக்கு ஒரே குஷி. "இவ்வளவுதானா மச்சான்? ஒரு பகையை இட்டுக்கட்ட முடியாதா நம்மால?"

முதல் விண்ணப்பத்தில் ஸ்பேனரை வாங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லை என்று எழுதினார்கள். 'இது மனஸ்தாபம் மட்டுமே, பகையாகாது' என்று திரும்பி வந்தது. இரண்டாவதில் நிலத் தகராறு என்றார்கள். இருவருக்கும் நிலமே இல்லை என்பதை ஆணையம் கண்டுபிடித்துவிட்டது. மூன்றாவதில் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்று எழுதினார்கள். எழுதும்போது இருவரும் விழுந்து விழுந்து சிரித்ததாக ஆய்வாளர் குறிப்பு வைத்திருந்தார். அதிகாரி ஒருவர் ஆலோசனையும் சொல்லி அனுப்பினார்: காரணம் கற்பனையாக இருக்கிறது, மனசிலிருந்து எழுதுங்கள்.

கெடு முடிய ஒரு நாள் இருந்தது. நாலு மணிக்கு மாப்பிள்ளை வந்தபோது கோட்டம் டீயை ஊற்றி வைத்துவிட்டு, எழுதி முடித்த படிவத்தை அவரிடம் நீட்டினார். மாப்பிள்ளை வழக்கம்போல உரக்கப் படித்தார்.

"'விசாரணை நாளன்று அடுத்த அறையில் முத்திரை விழுகிற சத்தம் கேட்டு, இவர் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். நான் முந்திக்கொண்டு இவரைக் காட்டிக் கொடுத்தேன். தூண்டியவர் என்று இவர் பெயரை என் கையாலேயே எழுதினேன். இவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. மூன்று மாதமாக இவர் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு இதைச் சொல்லாமல் இருந்தேன்.'"

மாப்பிள்ளை தொடையைத் தட்டினார். "அடடா, இது பிரமாதம் மச்சான். படிக்கும்போது எனக்கே கோபம் வருது. கண்டிப்பா நம்பிடுவாங்க."

அவர் மட்டும்தான் சிரித்தார். சிரித்து முடித்துத் திரும்பிப் பார்த்தார். கோட்டம் கீழே கிடந்த ஒரு டியூபைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை படிவத்தை மறுபடி எடுத்து, இந்தத் தடவை வாய்க்குள்ளேயே படித்தார்.

"அந்தச் சத்தம்," என்றார். "அது யாரோட லீவு லெட்டரோ."

"தெரியும் மாப்பிள்ளை. வெளிய வரும்போதே பார்த்துட்டேன்."

"அப்பவே தெரியுமா?"

"அப்பவே தெரியும்."

மாப்பிள்ளை பேனாவை வாங்கினார். "நான் எங்க போடணும்?" என்று கேட்டார். கோட்டம் இடத்தைக் காட்டினார். கையெழுத்துப் போட்டுவிட்டு, மிச்சம் இருந்த டீயைக் கீழே ஊற்றினார். குழாயடிக்குப் போய்த் தன் கிளாஸைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். இத்தனை வருடத்தில் அவர் அந்தக் கடையில் கிளாஸ் கழுவியதே இல்லை.

ஆய்வாளர் சரிபார்ப்பதற்காக வீட்டுக்குப் போனார். உங்கள் அண்ணன் இங்கே சாப்பிடுவதுண்டா என்று தங்கச்சியைக் கேட்டார். "அவருக்கு இங்க தட்டு இல்லைங்க" என்றாளாம். ஆய்வாளர் அதை அப்படியே அறிக்கையில் எழுதினார். சான்றிதழ் இரண்டே நாளில் வந்துவிட்டது. ஆணையத்தின் வரலாற்றிலேயே திருத்தம் சொல்லாமல் ஏற்கப்பட்ட முதல் விண்ணப்பம் அது.

சீலை உடைக்கத் துணை ஆணையரே வந்தார். சின்னதாக ஒரு மேடை. "இதோ, இந்தக் கடையில பஞ்சர் பதினஞ்சு. அந்தக் கடையில பத்தொன்பது. இதுதான் ஐயா சந்தை. யாரும் சொல்லித் தரல, யாரும் கட்டாயப்படுத்தல, ரெண்டு பேரும் மனசாரப் பகைச்சுக்கிட்டாங்க. இதுல அரசாங்கம் செஞ்சது ஒண்ணுமே இல்லைன்னு பெருமையாச் சொல்லிக்கிறேன்." கூட்டம் கை தட்டியது. கோட்டமும் தட்டினார். தட்டாமல் இருந்தால் அதற்கொரு நோட்டீஸ் வருமோ என்ற பயம் அப்போதும் இருந்தது. அந்தப் பயத்தை நினைத்துத்தான் அவருக்கு அருவருப்பாக இருந்தது.

வாரத்தின் நாலாம் நாள் காலையில் அவர் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து மாப்பிள்ளையின் வாசலில் வைத்தார். மாப்பிள்ளை நிமிரவில்லை. உள்ளே புதிதாக ஒரு ஸ்டாண்டு, பெயின்ட் வாசனையோடு நின்றது. கோட்டம் பழையதைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்.

பதினைந்து என்றதும் மாப்பிள்ளையின் கடையில் சைக்கிள்கள் தெரு வரைக்கும் நின்றன. கோட்டத்தின் கடையில் ஈ காக்கை இல்லை. நாலு மணிக்குப் பழக்கதோஷத்தில் இரண்டு கிளாஸில் டீ ஊற்றி வைத்து, பெஞ்சில் உட்கார்ந்து எதிர்ப்பக்கம் பார்த்தார். மாப்பிள்ளை வாயில் ரப்பரைக் கவ்வியபடி டியூபைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வரிசையின் கடைசியில் நின்றவர் பொறுமை இழந்து, "எவ்வளவு நேரமாகும்? வேற கடை ஏதாவது இருக்கா பக்கத்துல?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை தலை நிமிர்ந்தார். கேட்டவரைப் பார்த்தார். அவர் தோளுக்கு மேலாகத் தெருவையும் பார்த்தார். கோட்டம் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்த மோவாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருமுனையில் ஆய்வாளர் செய்தித்தாளை மடித்துவிட்டு எழுதினார்: மணி நாலு பத்து. மோவாய் அசையவில்லை. சந்தை ஆரோக்கியமாக இருக்கிறது.